சிப்பைக் கழற்றுவதா, போர்டோடு விற்பதா?

பழைய மின்னணுப் போர்டுகளில் உள்ள சிப்புகளைப் பற்றித் திருகோணமலை மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் ஐந்துக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கிண்ணியாவில் பழைய இரும்பு வாங்கி விற்கிறேன். அலுவலகம் ஒன்றைக் காலி செய்தபோது இரண்டு சாக்குக் கம்பியூட்டர் போர்டுகள் கிடைத்தன. சிப்புகளுக்குள் தங்கம் இருப்பதாக மகன் சொல்கிறான். அவற்றைக் கழற்றித் தனியாக விற்றால் கூடுதலாகக் கிடைக்குமா?

தங்கம் இருப்பது உண்மைதான். எவ்வளவு இருக்கிறது என்பதை முதலில் கணக்குப் பாருங்கள். கறுப்புப் பிளாஸ்ரிக் சிப்பின் உள்ளே இருக்கும் சிலிக்கன் துண்டை வெளிக்கால்களோடு இணைக்கும் நுண்கம்பி, பழைய சிப்புகளில் பெரும்பாலும் தங்கத்தால் ஆனது. அதன் தடிப்பை 25 மைக்ரோன் என்றும் நீளத்தை 2 மில்லிமீற்றர் என்றும் வைத்துக்கொண்டால், ஒரு கம்பியின் எடை 0.02 மில்லிகிராமை எட்டாது. நூறு கால் உள்ள சிப் ஒன்றில் இந்தக் கம்பிகளால் கிடைக்கும் தங்கம் இரண்டு மில்லிகிராமுக்குள் அடங்கிவிடும் என்பதால், ஒரு கிராம் சேர ஐந்நூறுக்கு மேற்பட்ட சிப்புகள் வேண்டும். சூடான காற்றை ஊதிப் பற்றை உருக்கும் ஹொட் எயார் இயந்திரத்தால் அத்தகைய சிப் ஒன்றைச் சேதமின்றித் தூக்க எனக்கு ஏறக்குறைய இரண்டு நிமிடம் பிடிக்கிறது. ஐந்நூறு சிப்புக்கு அது பதினாறு மணித்தியாலத்துக்கு மேல் வரும். மின்கட்டணத்தையும், தங்கத்தைப் பிரித்தெடுப்பவர் கழிக்கும் கூலியையும் நான் இன்னும் சேர்க்கவில்லை. தங்க விலை ஏறிய பின்னர் உற்பத்தியாளர்கள் பலர் செப்புக் கம்பிக்கு மாறிவிட்டதால், புதிய போர்டுகளில் இந்த அளவுகூடக் கிடைக்காமல் போகலாம்.

இழப்பு இன்னொரு பக்கத்திலும் உண்டு. போர்டு வாங்குவோர் அதைத் தரம் பிரித்தே விலை சொல்வார்கள். சிப்புகள் பிடுங்கப்பட்ட போர்டைக் கண்டவுடன் அதைக் கீழ்த்தரத்தில் போட்டுவிடுவார்கள். ஒரு கைப்பிடி சிப்புக்காக முழுச் சாக்கின் விலையையும் இறக்கிக்கொள்ள வேண்டாம்.

உங்களுக்கு இலாபம் தரக்கூடியது திருப்புளியால் முடியும் வேலைதான். சொக்கெட்டில் செருகியிருக்கும் புரொசெசரையும் ராம் பட்டைகளையும் கழற்றித் தனித்தனியாக வையுங்கள். ராம் பட்டையின் விளிம்பில் மஞ்சளாகத் தெரிவது தங்க முலாம். அதற்குத் தனி விலை உண்டு. அலுமினிய வெப்பத்தகடு, இரும்புத் தாங்கி, விசிறி, நாணயம் போன்ற பற்றரி ஆகியவற்றையும் அகற்றுங்கள். இவை போர்டோடு இருந்தால் வாங்குபவர் கழிவு என்று எடையில் வெட்டுவார். தனியாகக் கொடுத்தால் அலுமினியம் அலுமினிய விலைக்கே போகும். போர்டில் உருக்கிப் பற்றவைத்த எதையும் தொடாமல் விடுங்கள்.

திருகோணமலை நகரில் கையடக்கத் தொலைபேசி திருத்தும் கடை வைத்திருக்கிறேன். இயங்காத போர்டுகள் பெட்டி நிறையச் சேர்ந்துள்ளன. எந்தச் சிப்பைக் கழற்றி வைப்பது பிரயோசனம்?

உங்கள் நிலை கிண்ணியா வாசகரின் நிலையிலிருந்து வேறானது. அவர் உலோகத்தை விற்கிறார், நீங்களோ இயங்கும் பாகத்தைத் தேடுகிறீர்கள். அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் 2006 இல் வெளியிட்ட குறிப்பின்படி, சராசரிக் கையடக்கத் தொலைபேசி ஒன்றில் 0.034 கிராம் தங்கம் இருந்தது. அதாவது ஒரு கிராமுக்கு ஏறத்தாழ முப்பது தொலைபேசிகள் வேண்டும். ஆனால் அதே போர்டில் உள்ள, பற்றரிக்கு மின்னேற்றுவதைக் கட்டுப்படுத்தும் சார்ஜிங் ஐசி என்ற சிப் ஒன்று நல்ல நிலையில் இருந்து, வாடிக்கையாளர் ஒருவரின் தொலைபேசியை உயிர்ப்பிக்குமானால், அதன் பெறுமதி போர்டிலுள்ள தங்கம் முழுவதையும் தாண்டக்கூடும்.

எனவே உங்கள் கடைக்கு அடிக்கடி வரும் மொடல்களையும், அவற்றில் அடிக்கடி பழுதாகும் சிப்புகளின் இலக்கங்களையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். அந்தப் பட்டியலில் உள்ளதை மட்டும், தேவை வரும் நாளில் கழற்றுங்கள். முன்கூட்டியே கழற்றி டப்பாவில் கொட்டி வைத்தால் எது எந்தப் போர்டிலிருந்து வந்தது என்பது மறந்துவிடும். கடற்கரை ஊரின் ஈரக்காற்றும் பிளாஸ்ரிக் உடலுக்குள் ஊறும். ஈரம் ஊறிய சிப்பைத் திடீரெனச் சூடாக்கினால் உள்ளே நீராவி விரிந்து உடல் வெடிக்கும். சோளப்பொரி பொரிவதுபோல மெல்லிய சத்தம்கூடக் கேட்கும். பற்றரி, திரை முதலியவற்றை நீக்கிவிட்டுப் போர்டை 125 பாகை செல்சியஸில் நீண்ட நேரம் உலர்த்திய பிறகு கழற்றுவதே முறை. அதற்குத் தனி அடுப்பு வேண்டும். சமையலறை அடுப்பில் ஒருபோதும் செய்யாதீர்கள்.

இரண்டு விடயங்களை வற்புறுத்திச் சொல்ல வேண்டும். நினைவகச் சிப்பில் முன்னைய உரிமையாளரின் படங்களும் செய்திகளும் இருக்கக்கூடும் என்பதால், அதை அழிக்காமல் பிறருக்கு விற்காதீர்கள். கழற்றிய சிப்பைப் பொருத்தினால், அது பாவித்தது என்பதை வாடிக்கையாளரிடம் சொல்லியே பணம் வாங்குங்கள். பழைய சிப்புகளின் முகத்தைத் தேய்த்துப் புதிய இலக்கம் பொறித்து விற்கும் மோசடி உலகெங்கும் நடக்கிறது. அதன் முதல் படியே பாவித்ததைப் புதியது என்று சொல்வதுதான்.

சீனக்குடாவில் உறவினர் ஒருவர் விட்டுச் சென்ற வானொலிக் கருவிகளில், நடுவில் கண்ணாடி யன்னல் வைத்த சிப்புகளும் வெள்ளைப் பீங்கான் பாகங்களும் உள்ளன. உடைத்துப் பார்க்கலாமா?

தயவுசெய்து உடைக்காதீர்கள். யன்னல் உள்ளவை, புறஊதா ஒளியால் அழித்து மீண்டும் எழுதக்கூடிய ஈபுரோம் என்ற நினைவகங்கள். இவற்றையும், பீங்கான் உடலும் தங்க மூடியும் கொண்ட 1970களின் புரொசெசர்களையும் சேகரிப்போர் முழுமையாக இருந்தால் மட்டுமே நல்ல விலைக்கு வாங்குவார்கள். கால் ஒன்று வளைந்தாலும் விலை இறங்கும். ஆகவே கழற்றத் தக்க சிப்புகள் என்று நான் முதலில் சொல்லக்கூடியவை இவைதான். சொக்கெட்டில் இருந்தால் இரு முனைகளையும் மாறி மாறிச் சிறிது சிறிதாக நெம்பி எடுங்கள்.

வெள்ளைப் பீங்கானைப் பற்றி எனக்கு வேறு கவலை உண்டு. அலைபரப்பும் கருவிகளில் உள்ள பழைய வலுமிக்க திரான்சிஸ்ரர்கள் சிலவற்றில் பெரிலியம் ஒக்சைட் இருக்கிறது. முழுதாக இருக்கும்வரை அது தீங்கு செய்யாது. உடைத்தாலோ அராவினாலோ எழும் தூசி நுரையீரலை மீளமுடியாதபடி கெடுக்கக்கூடியது. அவற்றை அப்படியே பைக்குள் இட்டு, மேலே எழுதி ஒதுக்கி வையுங்கள்.

கொட்பேயில் படகுகளில் இருந்து கழற்றிய மீன் தேடும் கருவிகளின் போர்டுகள் இருக்கின்றன. அவற்றில் ஏதாவது தேறுமா?

பெரும்பாலும் தேறாது. உப்புநீர் பட்ட போர்டில் கால்களைச் சுற்றிப் பச்சைத் தூள் படிந்திருக்கும். சிப்பைத் தூக்கும்போது கால் போர்டிலேயே ஒட்டிக்கொள்ள, உடல் மட்டும் கையோடு வரும். போர்டாகவே விற்றுவிடுங்கள்.

பாலையூற்றிலிருந்து எழுதுகிறேன். என் மகன் பின்வளவில் காஸ் அடுப்பின் மேல் தகரம் வைத்துப் போர்டுகளைச் சூடாக்கித் தட்டிச் சிப் எடுக்கிறான். புகை வீட்டுக்குள் வருகிறது. வீட்டில் மூன்று வயதுப் பேரப்பிள்ளை இருக்கிறாள். இது ஆபத்தா?

ஆபத்துத்தான் அம்மா. இன்றே நிறுத்தச் சொல்லுங்கள்.

பழைய ஈயப்பற்று 183 பாகையில் உருகும். மின்னணுப் பொருட்களில் ஈயத்தைக் கட்டுப்படுத்தும் ஐரோப்பிய விதி 2006 இல் நடைமுறைக்கு வந்தபின் பரவலான ஈயமற்ற பற்றுக்கு 217 பாகைக்கு மேல் வேண்டும். அடுப்புச் சுவாலையோ இதைப் பலமடங்கு தாண்டிச் செல்வதால், போர்டின் பிசினே கருகுகிறது. தீப்பிடிக்காமல் இருக்க அந்தப் பிசினில் புரோமின் சேர்மங்களைச் சேர்த்திருப்பார்கள்; அவை எரியும்போது டையொக்சின் வகை நச்சுகள் உண்டாகும். தட்டும்போது சிதறும் ஈயத் துணிக்கைகள் மண்ணிலும் அவனுடைய உடுப்பிலும் ஒட்டி வீட்டுக்குள் வரும். தரையில் விளையாடியும் தரையைத் தொட்ட விரலை வாயில் வைத்தும் வளரும் பிள்ளைக்கு அதுவே பெரிய கேடு. குருதியில் ஈயம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் பாதுகாப்பானது என்று சொல்லத்தக்க அளவு எதுவும் இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

அந்தத் தகரத்தையும் சாம்பலையும் கையுறை அணிந்து பைக்குள் கட்டுங்கள். வீட்டுத் தரையைக் கூட்டாமல் ஈரத்துணியால் துடையுங்கள். கூட்டினால் தூசி கிளம்பும். மகனின் வேலை உடுப்பைத் தனியாகத் தோயுங்கள். பேத்தியை வைத்தியரிடம் கூட்டிச் சென்று நடந்ததை மறைக்காமல் சொல்லி, குருதியில் ஈயத்தைப் பரிசோதிக்க வழி உண்டா என்று கேளுங்கள். மகனிடம் மேலே கிண்ணியா வாசகருக்கு எழுதிய கணக்கை வாசித்துக் காட்டுங்கள். மிச்சமிருக்கும் போர்டுகளை மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் பெற்ற சேகரிப்பாளரிடம் அவன் அப்படியே கொடுக்கலாம். வெளிநாட்டுக்குப் பொதியாக அனுப்பும் எண்ணம் இருந்தால் அதையும் கைவிடச் சொல்லுங்கள். ஆபத்தான கழிவுகளை நாடு விட்டு நாடு அனுப்புவதைக் கட்டுப்படுத்தும் பாசல் உடன்படிக்கையின் திருத்தப்படி, 2025 ஜனவரி 1 முதல் எல்லா மின்னணுக் கழிவுக்கும் பெறும் நாட்டின் முன்னனுமதி தேவை.