வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்: பட்டன் பேட்டரியும் வாழைப்பழமும்

கேள்வி: ரிமோட்டில் இருக்கும் பட்டன் பேட்டரியைக் குழந்தை விழுங்கிவிட்டால், வாழைப்பழம் கொடுத்தால் மலத்தோடு வந்துவிடும் என்கிறார்களே?

பதில்: தயவுசெய்து அப்படிக் காத்திருக்காதீர்கள். காசு வேறு, பேட்டரி வேறு. உணவுக்குழாயில் சிக்கிய பேட்டரிக்கு எச்சிலே கம்பியாகிவிடுகிறது. மின்சாரம் பாய்ந்து, அதன் எதிர்மின்முனை (மைனஸ் பக்கம்) படும் இடத்தில் கடும் காரம் (சதையை அரிக்கும் அல்கலி) உண்டாகி, இரண்டே மணி நேரத்தில் சதை வெந்துவிடும். பேட்டரி உடைந்து கசிய வேண்டும் என்பதில்லை. ரிமோட்டை ஓட்ட முடியாமல் கழற்றிப் போட்ட பழைய பேட்டரிக்கும் இதற்குப் போதுமான மின்சாரம் உண்டு. மிக ஆபத்தானது 20 மில்லிமீட்டர் அகலமுள்ள லித்தியம் வகை. பேட்டரி மேல் உள்ள 2032 என்ற எண்ணில் முதல் இரண்டு இலக்கம் அகலம். 32 என்பது 3.2 மில்லிமீட்டர் கனம்.

எச்சில் ஒழுகுவது, சாப்பிட மறுப்பது, இருமல் – இவை இருக்கலாம். ஒன்றுமே இல்லாமலும் போகலாம். சந்தேகம் வந்தாலே, எக்ஸ்-ரேயும் எண்டோஸ்கோப்பியும் (வாய்வழியே குழாய் விட்டுப் பார்த்து எடுக்கும் வசதி) உள்ள மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். எக்ஸ்-ரேயில் காசுக்கு ஒரே விளிம்பு, பேட்டரிக்கு இரட்டை வளையம் தெரியும். வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். வாழைப்பழமும் சோறும் வேண்டாம். வயிறு நிறைந்திருந்தால், பேட்டரியை எடுக்க மயக்க மருந்து கொடுப்பது சிக்கலாகும்.

ஒன்றுக்கு மட்டும் விலக்கு: தேன். அமெரிக்காவின் குழந்தைகள் மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு 2018இல் வெளியானது. தேன் பேட்டரியைச் சுற்றிப் படிந்து காரத்தைத் தணிக்கிறது. விழுங்கி 12 மணி நேரத்துக்குள் என்றால், போகும் வழியில் 10 நிமிடத்துக்கு ஒருமுறை 2 டீஸ்பூன், அதிகபட்சம் 6 முறை. ஒரு வயது ஆகாத குழந்தைக்கும், விழுங்க முடியாத குழந்தைக்கும் கூடாது. வீட்டில் தேன் இல்லையென்றால் கடைக்குப் போய் நிற்காதீர்கள்.

கேள்வி: அடிபட்டு வந்த குழந்தைக்கு மருந்து போடுவதை விட்டு, எங்கே விழுந்தது, எதில் விழுந்தது என்று ஏன் எழுதிக்கொள்கிறார்கள்?

பதில்: அடுத்த குழந்தையைக் காப்பாற்றத்தான். கனடாவில் 1990இல் குழந்தைகள் மருத்துவமனைகளில் இப்படி ஒரு பதிவேடு தொடங்கினார்கள். நடைவண்டியில் உட்கார்ந்தபடி படிக்கட்டில் உருண்டு தலையில் அடிபட்ட குழந்தைகள் அதில் திரும்பத் திரும்ப வந்தார்கள். பெரியவர் பக்கத்திலேயே இருந்தும் எட்டிப் பிடிக்க முடியவில்லை. சக்கரம் வைத்த வண்டி நொடிக்கு ஒரு மீட்டர் போய்விடும். 2004இல் அங்கே அதன் விற்பனையே தடைசெய்யப்பட்டது. பழைய வண்டியை விற்பதும் குற்றம்.

ஆகவே கேட்டால் பொருளின் பெயரோடு சொல்லுங்கள். பேட்டரி என்றால், அதே ரகத்தில் இன்னொன்றையோ அது வந்த அட்டையையோ கையோடு கொண்டுபோங்கள். அளவு உடனே தெரிந்துவிடும்.