"அடிப்பினமோ?" என்று கேட்ட தங்கச்சிக்கு

தங்கச்சி, அங்கொடையில மனநல வார்டில எம்.ஓ.வாக (மெடிக்கல் ஒபிசராக) இருந்திட்டு, இங்கிலாந்தில மீடியம் செக்யூர் யூனிட் ஒன்றில, அதாவது மற்றாக்களுக்கு ஆபத்தாகக்கூடிய மனநோயாளிகளைச் சட்டப்படி மறிச்சு வைச்சு வைத்தியம் பார்க்கிற நடுத்தரப் பாதுகாப்பு யூனிட்டில, ஸ்பெஷால்ட்டி டொக்டர் வேலை எடுத்திருக்கிறீங்கள். வெள்ளவத்தையில அம்மா நித்திரை இல்லாமல் இருக்கிறா என்றும் எழுதியிருக்கிறீங்கள். சம்பளத்தில எவ்வளவு மிஞ்சும், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், குளிர், எம்.ஆர்.சி.சைக் (பிரித்தானிய மனநல மருத்துவச் சோதனை) படிக்க நேரம் கிடைக்குமா, கடைசியா "நோயாளிகள் அடிப்பினமோ?"

சம்பளம், பள்ளிக்கூடம், படிப்பு மூன்றையும் உங்கட பேட்ச்காரரிட்டக் கேளுங்கோ. எந்த ஊரில வாடகை என்ன, எந்தக் கார் லீசிங்கில மலிவு என்று வாட்ஸ்அப்பில மனப்பாடமாச் சொல்ல ஆக்கள் இருக்கினம். அதே ஆக்கள்தான் "செக்யூர் யூனிட்டா? அட்மிஷன் குறைவு, சும்மா இருந்து படிக்கலாம்" என்றும் சொல்லிக் குடுக்கினம். வந்து ஒரு வருசத்துக்குள்ள லோக்கம் (தற்காலிக டொக்டர் வேலை) காசுக்கு யூனிட் யூனிட்டாப் பாய்ஞ்சு, ஒரு நோயாளியையும் முழுசாத் தெரிஞ்சு கொள்ளாத ஆக்கள் சொல்லுற புத்தி அது. அதை எடுக்காதேங்கோ.

அடி விழலாம், அது உண்மை. ஆனால் யூனிட்டே அதை எதிர்பார்த்துக் கட்டினதுதான். உங்களுக்கு ஆபத்து வேற பக்கத்தால வரும்: "சின்ன உதவிதானே, நான் பார்த்துக்கொள்ளுறன்" என்று டொக்டர் தனிய முடிவெடுக்கிற எங்கட கொழும்புப் பழக்கம். அங்க அதுக்குப் பெயர் நல்ல டொக்டர். இங்க அது பாதுகாப்பு மீறல்.

வாசலிலயிருந்தே தொடங்குவம். மீடியம் செக்யூருக்கு வேலி 5.2 மீற்றர் உயரம், லோ செக்யூருக்கு 3 மீற்றர். ப்ரோட்மூர், ராம்ப்டன், அஷ்வேர்த் ஆஸ்பத்திரி மூன்றும் அதுக்கும் மேல, ஹை செக்யூர். உள்ள போக இரண்டு கதவு. ஒன்று பூட்டுப்படாமல் மற்றது திறக்காது. ஃபோன், லைட்டர், யூ.எஸ்.பி., சூயிங்கம், பொலித்தீன் பை, கண்ணாடிப் போத்தல் எல்லாம் வெளியில லொக்கரில. சூயிங்கம் ஏன் என்று சிரிக்காதேங்கோ, பூட்டு ஓட்டைக்குள்ள அடைக்கலாம், திறப்பின்ர அச்சும் எடுக்கலாம். பாதுகாப்புப் பயிற்சி முடியாமல் திறப்புத் தரமாட்டினம். திறப்பு இடுப்புப் பட்டியில சங்கிலியோட, பையுக்குள்ள இருக்க வேணும். அதின்ர பல் நோயாளியின்ர கண்ணில படக்கூடாது. மறந்து வீட்டை கொண்டுபோனால் இரவோட இரவாக் கூப்பிடுவினம். துலைஞ்சால் பூட்டுகளையே மாற்ற வேண்டி வரலாம். அலார்மை ஒவ்வொரு நாளும் சோதிச்சுப் போட்டுத்தான் வார்டுக்குள்ள கால் வைக்க வேணும்.

எங்கட பெண் டொக்டர்மாருக்குத் தனியா ஒன்று. தாலிக்கொடி, நீளச் சங்கிலி, ஷோல், சேப்டி பின், பின்னி விட்ட நீளத் தலைமயிர் எல்லாம் பிடிச்சு இழுக்கக்கூடிய சாமான். கொடியைக் கழற்ற மனமில்லாட்டி வேலை நாளில மெல்லிசா, கட்டையாப் போட்டு உடுப்புக்குள்ள விடுங்கோ. அடையாள அட்டையின்ர நாடா இழுத்தால் அறுந்து வாற வகையாத்தான் இருக்க வேணும்.

ஒருத்தரைப் பார்க்க முதல் அண்டைய நாளின்ர தாதியர் குறிப்பை வாசியுங்கோ. பிறகு வார்டுப் பொறுப்பு நர்ஸிட்ட "இப்ப பார்க்கலாமா, எந்த அறை, தனியவா ஆளோடவா" என்று கேளுங்கோ. அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். இந்த இடத்தில கன பேர் சறுக்குகினம். கொழும்பில மிஸ் (நர்ஸ்) சொல்லி டொக்டர் திரும்பிப் போறதை நாங்கள் பழகேல்லை. இங்க அந்த நர்ஸ் 12 மணித்தியாலம் அந்த ஆளோட நிக்கிறவர். காலமை சாப்பாட்டில என்ன நடந்தது, வீட்டிலயிருந்து வந்த கோல் எப்பிடி முடிஞ்சுது என்பது அவருக்குத்தான் தெரியும். அறையில கதவுக்குக் கிட்ட இருக்கிற கதிரை உங்கட கதிரை. உங்களுக்கும் கதவுக்கும் நடுவில நோயாளி வரக்கூடாது, அவருடைய வழியையும் நீங்கள் மறிக்கக்கூடாது.

இனி மணிக்கூடு. செக்லூஷன், அதாவது தனியறையில பூட்டி வைக்கிறது. பூட்டச் சொன்னது சைக்கியாட்ரிஸ்ட் இல்லாட்டி 1 மணித்தியாலத்துக்குள்ள டொக்டர் பார்க்க வேணும். டொக்டர், நர்ஸ் எல்லாரும் சேர்ந்து செய்யிற முதலாவது குழுப் பரிசீலனை நடக்கும்வரை 4 மணித்தியாலத்துக்கு ஒருக்கா டொக்டர், 2 மணித்தியாலத்துக்கு ஒருக்கா இரண்டு நர்ஸ்மார். வெளியில ஒருத்தர் விடாமல் பார்த்து, குறைஞ்சது 15 நிமிசத்துக்கு ஒருக்கா எழுத வேணும். அதுக்குப் பிறகு 24 மணித்தியாலத்தில குறைஞ்சது இரண்டு டொக்டர் பரிசீலனை. இது இங்கிலாந்தின்ர மனநலச் சட்டக் கோவையில உள்ளது. நீங்கள் எழுத வேண்டியது "அமைதியா இருக்கிறார், தொடரவும்" இல்லை. என்ன சொன்னார், தண்ணி குடிச்சாரா, சாப்பிட்டாரா, காயம் இருக்கா, என்ன மருந்து எப்ப போனது, ஏன் இன்னும் பூட்டி வைக்க வேணும், எதைக் கண்டால் திறப்பம் என்று எழுத வேணும். பிந்திப் போனால் பிந்தின நேரத்தையே காரணத்தோட எழுதுங்கோ. கணினிக் குறிப்பில பதிவு நேரம் தானா விழும். நேரத்தைப் பின்தள்ளிப் போட்டால் பிந்தினது சின்னப் பிழை, பொய் எழுதினது பெரிய பிழை.

ஆளை அமைதிப்படுத்த ஊசி போட்டால் குறைஞ்சது மணித்தியாலத்துக்கு ஒருக்கா நாடி, பிரஷர், மூச்சு, சூடு, தண்ணி, சுயநினைவு. தொட விடாட்டி கண்ணால பார்த்து மூச்சை எண்ணி, நிறத்தையும் அசைவையும் குறியுங்கோ. ஈ.சி.ஜி. இல்லாத ஆளுக்கு ஹலோபெரிடோல், ப்ரொமெதசின் சேர்த்துப் போடுறதைத் தவிர்த்து லோராசெபாமுக்குப் போங்கோ. லோராசெபாம் ஊசியையும் ஒலான்சபின் ஊசியையும் ஒன்றுக்குப் பின்னால ஒன்றாக் குத்தாதேங்கோ.

இரவு ஒன்-கோலில (கூப்பிட்டால் போற கடமையில) வாற பொறி இது. 2 மணிக்கு கோல்: "நித்திரை வரேல்லையாம், ஏதாவது எழுதி விடுங்கோ டொக்டர்." கையோட ஒரு தூக்கக் குளிசை எழுதுறீங்கள். இங்க சட்டப்படி மறிச்சு வைச்ச ஆளுக்கு, முதல் மருந்து குடுத்த நாளிலயிருந்து 3 மாதம்வரைதான் சம்மதமில்லாமல் மனநோய் மருந்து குடுக்கலாம். அதுக்குப் பிறகு சம்மதம் இருந்தால் டி 2 படிவம். மறுத்தால், அல்லது விளங்கிச் சம்மதிக்கிற நிலையில இல்லாட்டி, வெளியிலயிருந்து வாற இரண்டாவது டொக்டர் எழுதுற டி 3. அதில எந்த வகை மருந்து, எத்தினை, எவ்வளவு டோஸ்வரை என்று இருக்கும். தூக்க மருந்து அதில இல்லாட்டி நீங்கள் எழுதின குளிசை சட்டவிரோதச் சிகிச்சை. மனநலச் சட்டத்தில செக்ஷன் 62 இருக்குது என்பினம். அது உயிருக்கு ஆபத்து, கடும் மோசமாதல், கடும் வேதனை, வன்முறை போன்ற அவசரத்துக்கு, நித்திரைக்கு இல்லை. மருந்து அட்டையைத் திறக்கேக்க முதலில படிவத்தைப் பாருங்கோ, பிறகு பேனையை எடுங்கோ.

குளோசபின் (மற்ற மருந்துக்கு அடங்காத ஸ்கிசோஃப்ரினியாவுக்குக் குடுக்கிறது) அங்கயும் குடுத்திருப்பீங்கள், ஆனபடியால் மூன்றே மூன்று விசயம். வெளியில புகைச்ச ஆள் புகை இல்லாத வார்டுக்கு வந்தால் இரத்தத்தில அளவு ஏறும். காரணம் நிக்கொட்டீன் இல்லை, புகையிலுள்ள தார். நிக்கொட்டீன் பட்டி ஒட்டினாலும் அளவு ஏறத்தான் செய்யும். லீவில (வெளியில போற அனுமதியில) போய்ப் புகைச்சிட்டு வந்தால் அளவு இறங்கும். 48 மணித்தியாலத்துக்கு மேல விட்டுப்போனால் பழைய டோஸைத் திருப்பிக் குடுக்கேலாது, 12.5 மில்லிகிராமிலயிருந்து ஏற வேணும். குளோசபினால வாற மலச்சிக்கலை வார்ட் ரவுண்டில கேட்க வெட்கப்படாதேங்கோ, அது ஆளைக் கொல்லும்.

முதல் கிழமையிலயே ஒருத்தர் வந்து சொல்லுவார், "உங்களுக்கு முதல் இருந்த டொக்டர் எனக்கு லீவு தாறதாச் சொன்னவர்." 37/41 இல, அதாவது கோர்ட் ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வெளியில விடக் கட்டுப்பாடும் போட்ட பிரிவில, இருக்கிறவரை வளாகத்துக்கு வெளியில விட நீதி அமைச்சின்ர அனுமதி வேணும், உங்கட கொன்சல்டன்ட்டுக்கே தனிய ஏலாது. சிறையிலயிருந்து 47/49, 48/49 பிரிவுகளில வந்தாக்களுக்கும் அப்பிடித்தான். "வார்ட் ரவுண்டில கேட்கிறன்" என்ற ஒரு வசனம் போதும். ஓம் என்றும் சொல்லாதேங்கோ, "நான் பார்க்கிறன்" என்றும் சொல்லாதேங்கோ. எங்கட ஊரில "பார்க்கிறன்" என்றால் இல்லை என்று எல்லாருக்கும் விளங்கும். இங்க அது வாக்குறுதி, அடுத்த கிழமை அதுக்காகக் கதிரை பறக்கும்.

ஆளை மறிச்சு வைச்சிருக்கிறது சரியா என்று பார்க்கிற ட்ரிபியூனலில மூன்று பேர் இருப்பினம்: நீதிபதி, ஒரு டொக்டர், ஒரு துறைசார் உறுப்பினர். நோயாளிக்கு இலவசச் சட்டத்தரணி. "நோய் பற்றிய விளக்கம் குறைவு" என்று எழுதினால் எப்ப, என்ன கேட்டீங்கள், அவர் என்ன சொன்னவர் என்று தோலுரிப்பினம். நோயாளியின்ர சொல்லை அப்படியே, திகதியோட எழுதுங்கோ. இலங்கையின்ர 1873ஆம் ஆண்டு மனநோய்க் கட்டளைச் சட்டத்தோட வேலை செய்து பழகின எங்களுக்கு முதலில இது அவமானம் மாதிரி இருக்கும். பழகினாப் பிறகு இங்க படிச்ச ஆக்களை விட எங்கட ஆக்கள் நல்லா எழுதுகினம், அதைப் பெருமையாவே சொல்லுறன்.

அங்கொடையில தாய் சோத்துப் பார்சலோட வருவா, அவவிட்டக் கேட்டுத்தான் பாதிக் கதை எடுப்பம். அது நல்ல வைத்தியம், இண்டைக்கும் அப்பிடித்தான் நினைக்கிறன். இங்க தாய் சொல்லுறதை நீங்கள் கேட்கலாம், ஆனால் நோயாளி சம்மதிக்காமல் நீங்கள் ஒன்றும் சொல்லேலாது. அதோட, நோயாளியால பாதிக்கப்பட்ட ஆள் அதே வீட்டில இருக்கலாம், போனில கதைக்கிறதே அவராயும் இருக்கலாம். யாரோட தொடர்பு தடை என்று கோப்பில பார்த்திட்டுத் திருப்பிக் கோல் எடுங்கோ.

கடைசியா, தமிழ் நோயாளி. வரும். உடன உங்களை மொழிபெயர்க்கச் சொல்லுவினம். மறுத்துப் போடுங்கோ, முறையான மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கோ, இலங்கைத் தமிழ் தெரிஞ்சவராக் கேளுங்கோ. நீங்கள் அவற்ற டொக்டராகவும் குரலாகவும் ஒரே நேரத்தில இருக்கேலாது. அவருக்கும் பயம் இருக்கும்: இந்த டொக்டர் எந்த ஊர், ஆற்ற சொந்தம், கோயிலில போய்ச் சொல்லுவாரோ என்று. இல்லாட்டி நேர்மாறா "எங்கட பிள்ளை" என்று உரிமை வரும், "வீட்டுக்கு ஒரு கோல் மட்டும், ஒரு பைக்கற் முறுக்கு மட்டும்." மனம் உருகும். செய்யாதேங்கோ, முறுக்கு வேணுமென்றால் வார்டுக் குழுவில கதைச்சு எல்லாற்ற கண்ணுக்கு முன்னால வாங்குவிக்கலாம். தமிழில இரண்டு வசனம் கதைச்சாலும் என்ன கதைச்சது என்று ஆங்கிலத்தில குறிப்பு எழுதுங்கோ. பக்கத்தில நிக்கிறவருக்கு விளங்காத கதை வார்டில சந்தேகமாத்தான் மாறும்.

வேலை ஒப்பந்தத்தில கையெழுத்து வைக்க முதல் யூனிட்காரரிட்டக் கேளுங்கோ: இரவு ஒன்-கோல் வளாகத்துக்குள்ளயா வீட்டிலயா, ஒராள் எத்தினை யூனிட்டைப் பார்க்கிறது, கட்டுப்படுத்தல் பயிற்சி முதல் ஒன்-கோலுக்கு முன்னமா பின்னமா. பின்னம் என்றால் திகதியை மாற்றச் சொல்லுங்கோ.

குளிர் பற்றி: ஜக்கெட்டைக் கொழும்பு பெட்டாவில வாங்காதேங்கோ, இங்க வந்து வாங்குங்கோ. கழுத்தில நாடா வைச்ச ஹூடி மட்டும் வேண்டாம், அதோட வார்டுக்குள்ள போகேலாது.