கோழிக்காக வந்த வரி

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50% வரி போட்டதும் எங்களுடைய சில ஆர்டர்கள் அப்படியே நின்றுவிட்டன. "ரெண்டு நாடும் பேசித் தீர்த்துக்கிட்டா எல்லாம் பழையபடி ஆயிடும்" என்கிறார் முதலாளி. முன்பு நடந்த வர்த்தகச் சண்டைகளில் அப்படி ஆகியிருக்கிறதா?

ஒரு வாசகர், திருப்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

எப்போதும் அப்படி ஆவதில்லை. 1960களின் கோழிச் சண்டையைப் பாருங்கள்.

அமெரிக்கப் பண்ணைக் கோழி மலிவு. மேற்கு ஜெர்மனியில் அது சக்கைப்போடு போட்டது. 1962இல் ஐரோப்பியப் பொதுச் சந்தை நாடுகள் (மேற்கு ஜெர்மனியும் அதில் ஒன்று) அமெரிக்கக் கோழிக்கு வரியைக் கூட்டின, விற்பனை படுத்துவிட்டது. 1963 டிசம்பரில் அதிபர் ஜான்சன் பதிலுக்கு உருளைக்கிழங்கு ஸ்டார்ச், டெக்ஸ்ட்ரின் (ஸ்டார்ச்சிலிருந்து செய்யும் பசைப்பொருள்), பிராந்தி, சிறிய சரக்கு வண்டி ஆகிய நான்கின் மீதும் வரியைக் கூட்டினார். வண்டிக்கு 25%. குறி ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் வேன்.

மற்ற மூன்றுக்கும் கூட்டிய வரி பிற்பாடு நீங்கிவிட்டது. வண்டி வரி மட்டும் அறுபது வருடம் தாண்டியும் நிற்கிறது. அதை நம்பித் தொழிலை வளர்த்துக்கொண்ட உள்ளூர் கம்பெனிகள் எடுக்க விடுவார்களா?

அடி வாங்கியது ஜெர்மனி மட்டுமல்ல. வரி எல்லா நாட்டு வண்டிக்கும் என்பதால், கோழிச் சண்டையில் சம்பந்தமே இல்லாத ஜப்பானும் மாட்டியது. ஜப்பான் கம்பெனி சுபாரு, தன் பிராட் என்ற சிறிய சரக்கு வண்டியின் சரக்குத் தொட்டியில், பின்பக்கம் பார்த்தபடி இரண்டு பிளாஸ்டிக் இருக்கைகளைப் பொருத்தி அனுப்பியது. ஆள் உட்கார்ந்தால் அது கார்; காருக்கு அப்போது வரி மிகக் குறைவு. அப்புறம் அமெரிக்காவின் ஃபோர்டே அதைச் செய்தது. துருக்கியில் செய்த வேனைப் பின் இருக்கைகளோடு கப்பலேற்றி, பால்டிமோரில் இறக்கியதும் இருக்கைகளைக் கழற்றியது. வழக்கு நீண்டு, 2024இல் 36.5 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. கழற்றுவதற்கென்றே இருக்கை தைத்த தொழிலாளியை நினைத்தால் எனக்கு மனசு கனக்கிறது.

அதனால் தலைவர்கள் கை குலுக்குகிறார்களா என்பதோடு, அங்கே யார் இந்த வரியால் பிழைக்கிறார்கள் என்றும் பாருங்கள். அமெரிக்கர்கள் உடுத்துவதில் பெரும்பகுதி இறக்குமதிதான். வண்டிக்கு இருந்ததுபோல் பனியன் வரியைக் கட்டிக் காக்க அங்கே அவ்வளவு பெரிய கூட்டம் இல்லை. அந்த அளவில் உங்கள் முதலாளியின் நம்பிக்கை வீண் இல்லை.

என் கவலை வேறு. வரி இறங்குவதற்குள் பையர்கள் வங்கதேசத்திலோ வியட்நாமிலோ பழகிவிட்டால்? உங்கள் பழைய பையர்கள் இப்போது எங்கே சாம்பிள் கேட்கிறார்கள் என்று தெரிந்தால் அவசியம் எழுதுங்கள்.