ஓர் அதிபர், இரண்டு எண்கள்

கேள்வி: போட்டித் தேர்வுக்காக அமெரிக்க அதிபர்களின் பட்டியல் ஒன்றைத் தயாரித்து வருகிறேன். குரோவர் கிளீவ்லாந்தின் பெயர் 22, 24 ஆகிய இரண்டு எண்களிலும் வருகிறது. இது அச்சுப்பிழையா? அதிபர்கள் மொத்தம் எத்தனை பேர் என்று கேட்டால் என்ன எழுதுவது?

பதில்: பிழை இல்லை, இரண்டு எண்களும் அவருக்கு உரியவையே. அமெரிக்கர்கள் ஆளை எண்ணுவதில்லை. இடைவெளியின்றி ஒருவர் பதவியில் இருந்த காலத்தையே எண்ணுகிறார்கள். நான்கு முறை வென்று தொடர்ந்து பதவி வகித்த பிராங்கிளின் ரூஸ்வெல்ட்டுக்கு 32 என்ற ஒரே எண்தான் இருக்கிறது. கிளீவ்லாந்துக்கோ, அவருடைய இரு பதவிக்காலங்களுக்கு நடுவே பெஞ்சமின் ஹாரிசன் 23ஆவது அதிபராக வந்துவிட்டதால், இரண்டு எண்கள் கிடைத்தன.

1837இல் நியூ ஜெர்சியில் ஒரு மதபோதகரின் மகனாகப் பிறந்த கிளீவ்லாந்து, பஃபலோ நகரில் வழக்கறிஞராகத் தொழில் செய்தவர். 1882இல் அந்நகரின் மேயராகவும், 1883இல் நியூயார்க் மாநில ஆளுநராகவும், 1885 மார்ச் 4 அன்று அதிபராகவும் பொறுப்பேற்றார். உள்நாட்டுப் போருக்குப் பின் ஜனநாயகக் கட்சியிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் அதிபர் அவரே.

தேர்வு எழுதுவோர் பெரும்பாலும் தடுமாறுவது 1888ஆம் ஆண்டில்தான். இறக்குமதி வரியைக் குறைக்க வேண்டும் என்பதற்காகவே 1887 டிசம்பரில் தம் ஆண்டறிக்கை முழுவதையும் ஒதுக்கிய கிளீவ்லாந்து, அடுத்த ஆண்டுத் தேர்தலில் நாடு முழுவதும் ஹாரிசனைவிடச் சுமார் 90,000 வாக்குகள் கூடுதலாகப் பெற்றும், அதிபரை முறைப்படி தேர்ந்தெடுக்கும், மாநிலவாரியாகப் பிரிக்கப்பட்ட தேர்வாளர் குழு வாக்குகளில் 168க்கு 233 என்ற கணக்கில் தோற்றார். அவர் ஆளுநராக இருந்த நியூயார்க் மாநிலத்தின் 36 வாக்குகள் கைவிட்டுப் போகாமல் இருந்திருந்தால் வெற்றி அவருடையதாகியிருக்கும். எனவே ‘மக்கள் வாக்கில் தோற்றார்’ என்று எழுதிவிடாதீர்கள். வெள்ளை மாளிகையைவிட்டுக் கிளம்பும்போது அவர் மனைவி பிரான்சஸ், நான்கு ஆண்டுகளில் திரும்பி வருவோம் என்று பணியாளரிடம் சொன்னதாக ஒரு கதை உண்டு. சுவையானதுதான், ஆனால் விடைத்தாளுக்கு வேண்டாம்.

1892இல் 277க்கு 145 என்ற கணக்கில் அதே ஹாரிசனை வென்றார். இரண்டாம் பதவிக்காலத்தில் 1893ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியும், 1894இல் புல்மன் ரயில் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை ஒடுக்க ராணுவத்தை அனுப்பியதும் நினைவில் இருந்தால் போதும்.

டொனால்ட் டிரம்ப் 2017இல் 45ஆவது அதிபராகவும், 2025இல் 47ஆவது அதிபராகவும் பொறுப்பேற்றதால், அவருக்கும் இதே கணக்குத்தான். ஆகவே ‘எத்தனையாவது’ என்று கேட்டால் வரிசை எண் 47 வரை செல்லும். ‘எத்தனை பேர்’ என்று கேட்டால் 45 என்பதே விடை. உங்கள் பட்டியலில் கிளீவ்லாந்தை இரண்டு வரிகளில் எழுதி, 1885–1889 என்றும் 1893–1897 என்றும் ஆண்டுகளைப் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள்.