நுரையைப் பாத்தீங்க, உப்பைப் பாத்தீங்களா?

ஐயா,
நொய்யல் ஆத்துல நுரை பொங்கி வர்றதை வீடியோ எடுத்துப் போட்டேன். எல்லாரும் ஷேர் பண்ணாங்க, அதோட சரி. எங்கப்பா சாயப்பட்டறையில தான் வேலை பாக்குறார், "சோத்துல மண்ணள்ளிப் போடறியா"ன்னு கேக்குறார். நான் பண்றது தப்பா? பனியன் வாங்குறதையே நிறுத்தணும்ங்கறாங்க ஃப்ரெண்ட்ஸ், சரியா?
க., திருப்பூர்

அன்புள்ள க.,

தப்பில்ல கண்ணு. அப்பா கேட்டதும் தப்பில்ல, அவர் கஷ்டம் அவருக்கு. பனியன் கதையை விடுங்க, வெட்டிப்பேச்சு. ஆனா அந்த வீடியோ பாத்து எனக்குக் கோவம் தான் வந்துச்சு. வீட்டு சோப்புத்தண்ணிக்கும் தான் நுரை வரும், ஆத்துக்கு மேல இருக்கிற கோயமுத்தூர் சாக்கடையே போதும்னு பட்டறைக்காரர் ஒரே வார்த்தைல சொல்லிட்டுப் போயிடுவார், அப்ப என்ன பண்ணுவீங்க?

உப்பைப் பாருங்கன்னு எத்தனை வாட்டி கத்துறது! பருத்தித் துணியில சாயம் ஏற உப்பு போட்டாகணும், கலர் அடர்த்தி ஆக ஆக உப்பும் கூடும், சாயத்துல பெரும்பகுதி துணியோட போயிடும், உப்பு தண்ணியோட வந்துடும். சாதாரண சுத்திகரிப்புல கலர் போகும், உப்பு அப்படியே நிக்கும், பாத்தா நல்ல தண்ணி தான். அதை எடுக்க உப்பை வடிக்கிற ஆர்ஓ வேணும், அதுல மிஞ்சுற கழிவைக் காய்ச்சி வத்த வைக்கணும், காசு கரியாகுறது அங்கதான், சில பட்டறைக்காரங்க ராத்திரில ஆத்துல திறந்து விடறதும் அதுக்குத்தான்.

எங்க அத்தை ஊரு ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழ. பாசனத்துக்குன்னு 1992ல கட்டி முடிச்சது, கொஞ்ச வருசத்துல சாயத்தண்ணித் தொட்டி ஆயிடுச்சு. அத்தை கிணத்துத்தண்ணில டீ வெச்சா பால் திரிஞ்சிடும், வரப்பெல்லாம் வெள்ளையாப் பூத்துக் கிடக்கும், மாடு மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கும். தண்ணி தேக்காதீங்கன்னு விவசாயிகளே கேட்ட அணை நானறிஞ்சு அது ஒண்ணுதான்.

அந்த ஆயக்கட்டுக்காரங்க, அதான் நொய்யல் தண்ணில பாசனம் பண்ற விவசாயிங்க, அவங்க தான் ஹைகோர்ட் போனாங்க. ஒரு சொட்டு வெளிய விடக்கூடாதுன்னு 2006ல உத்தரவு, 2009ல சுப்ரீம் கோர்ட்டும் அதையே சொல்லுச்சு, அப்பவும் கேக்காததால 2011 ஜனவரில ஹைகோர்ட் மொத்தப் பட்டறையையும் மூடச் சொல்லிட்டாங்க. வைரல் வீடியோ பாத்தா வந்துச்சு அது?

தண்ணில கரைஞ்ச உப்பை அளக்குற டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபா தான், வாங்குங்க. பட்டறைக்கு மேல ஒரு இடம், கீழ ஒரு இடம், தேதி போட்டு நோட்டுல எழுதுங்க. ஆலைங்க வெளிய விடற தண்ணிக்குப் பொதுவா லிட்டருக்கு 2100 மில்லிகிராம் தான் லிமிட், உங்க ஊர் சாயப்பட்டறைக்கு கோர்ட் சொன்ன மாதிரி ஒரு சொட்டும் கூடாது. மழை பேஞ்சா நம்பர் இறங்கும், ஏமாந்துடாதீங்க. அப்புறம் அப்பாகிட்ட சண்டை வேண்டாம், கறுப்பு கலருக்கு எத்தனை மூட்டை உப்பு போகுதுன்னு கேளுங்க. என்னைவிட அவருக்கு நல்லாத் தெரியும்.