கோட்டில் விழுந்த ஷட்டில்

அன்புள்ள அண்ணனுக்கு,

தக்கலை பக்கம் ஒரு உள்ளரங்கில் தினமும் சாயங்காலம் பாட்மின்டன் டபுள்ஸ் ஆடுகிறோம். புதிதாக வரும் பையன்கள் பாயின்ட் முடிந்ததும் ஷட்டிலை ராக்கெட்டால் வலைக்கு அடியில் தள்ளிவிடுகிறார்கள். குனிந்து பொறுக்க வேண்டியது நாங்கள். ஸ்மாஷ் உடம்பில் பட்டாலும் ஒரு ஸாரி கிடையாது. கோட்டில் விழுந்ததை அவுட் என்பது எல்லாரும் செய்வதுதான், நானும் சொல்லியிருக்கிறேன், அதை விடுங்கள். இந்த மரியாதைக்குறைவைத்தான் தாங்க முடியவில்லை. கண்டித்தால் தப்பா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

கண்டியுங்கள். ஷட்டிலை வலைக்கு மேலே, சர்வீஸ் போடுகிறவர் கைக்கு எட்டும்படி தட்டிக் கொடுப்பதுதான் முறை. உடம்பில் படும் ஸ்மாஷ் ஆட்டத்தில் உள்ளதுதான், கை உயர்த்திக் காட்டினால் போதும்.

ஆனால் 'அதை விடுங்கள்' என்கிறீர்களே, அதை நான் விடமாட்டேன். போன வாரம் என் மகள் விளையாடிவிட்டு வந்து, "அப்பா, கோட்டில் பட்டால் உள்ளேயா வெளியேயா?" என்று கேட்டாள். உள்ளே என்றேன். அன்றிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை.

நீங்கள் ஆடும் இடத்தில் அம்பயர் உண்டா? கிடையாது. நம் பக்கத்துக் கோட்டுக்கு நாம்தான் சாட்சி. சரியாகப் பார்க்கவில்லையென்றால் பாயின்ட் எதிராளிக்கு. ராக்கெட் வலையைத் தொட்டாலும், ஷட்டில் சட்டையில் உரசினாலும் ஃபால்ட்தான். 5 கிராம் அளவுள்ள பொருள் சட்டையில் உரசியது உங்களைத் தவிர யாருக்குத் தெரியும்? அதை நீங்களே சொல்ல வேண்டும். இதைச் செய்யாமல் பையன்களுக்கு மரியாதை சொல்லிக்கொடுக்க எந்த முகத்தோடு போவீர்கள்?

அப்போது எனக்குப் பதினேழு வயது. கருங்கல் பக்கம் ஒரு தேவாலய மைதானம், கிறிஸ்துமஸ் சமயத்துப் போட்டி. மண் தரை, டியூப்லைட், நீற்றுப்பொடியில் போட்ட கோடுகள். பழைய 15 பாயின்ட் கணக்கு. சர்வீஸ் நம் கையில் இருந்தால்தான் பாயின்ட் ஏறும். கடைசி கேமில் நான் 14, அவர் 13, சர்வீஸ் என்னுடையது. எதிரில் ரப்பர் பால் வெட்டும் ஒரு அண்ணன். விடியும் முன்பே தோட்டத்துக்குப் போய்விட்டு, சாயங்காலம் வந்து ஆடுகிறவர். ஆட்டத்தின் நடுவே ஒரு தடவை, யாரும் கேட்காமலே, "என் சட்டையில பட்டுது" என்று சொல்லி சர்வீஸை எனக்கு விட்டிருந்தார்.

அவர் தூக்கி அடித்த ஷட்டில் என் பின்கோட்டில் விழுந்தது. நீறு பறந்ததைக் கண்ணால் பார்த்தேன். "அவுட்" என்றேன்.

"உள்ளதா, மக்களே?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். எங்கள் ஊர்ப் பேச்சில் 'நிஜந்தானா' என்று அர்த்தம். "உள்ளதுதான்" என்றேன்.

கப் எனக்குத்தான். அதை இன்றுவரை என் வீட்டில் எடுத்துவைக்க மனசு வந்ததில்லை. அந்த அண்ணனைத் தேடிப் போய்ச் சொல்லவும் தைரியம் வரவில்லை. அவர் இறந்து பல வருஷம் ஆகிறது.

அன்றைக்கு, வலையைச் சுற்றி என் பக்கம் வந்து ஷட்டிலை அவரே குனிந்து எடுத்தார். கார்க்கில் வெள்ளையாக நீறு ஒட்டியிருந்தது. கட்டைவிரலால் அதைத் துடைத்துவிட்டு என் கையில் கொடுத்தார்.