காலி கூல்டிரிங்ஸ் கேன்களை வச்சு சோலார் ஏர் ஹீட்டர் செஞ்சா ரூம் நிஜமாவே சூடாகுமா?

ஆகும். நான் செஞ்சு சுவர்ல மாட்டியிருக்கேன், நல்ல வெயில் இருக்கற குளிர்கால பகல்ல அந்த ரூமுக்கு வேற ஹீட்டர் போடறதே இல்ல. ஆனா ராத்திரிக்கும் மேகம் மூடின நாளுக்கும் இது உதவாது, சூட்டை சேத்து வைக்க இதுல ஒண்ணும் கிடையாது.

அமைப்பு ரொம்ப சிம்பிள். மரச்சட்டம் போட்ட பெட்டி, முன்னாடி பழைய ஜன்னல் கண்ணாடி, பின்பக்கம் சூடு வெளிய போகாம இருக்க ராக்வுல்ங்கற கல் இழைப் பஞ்சு, நடுவுல மேலயும் கீழயும் ஓட்டை போட்டு ஒண்ணு மேல ஒண்ணா சிலிகான் வச்சு ஒட்டி மேட் கறுப்பு பெயின்ட் அடிச்ச கேன்கள். ரூம் காத்து கீழ நுழைஞ்சு சூடாகி மேல வழியா ரூமுக்கே திரும்புது, அவ்ளோதான்.

வீடியோ போடறவங்க பெரும்பாலும் தெர்மாமீட்டரை காட்டி "பாருங்க 80 டிகிரி"ன்னு சொல்லுவாங்க, அதை வச்சு முடிவு பண்ணாதீங்க ப்ளீஸ். காத்து மெதுவா போனா அது கொதிக்கத்தான் செய்யும், ஆனா பெட்டியும் கூடவே கொதிச்சு பாதி சூடு கண்ணாடி வழியா வெளியவே போயிடும். ஒரு சதுர மீட்டர்ல நல்ல வெயில் நேரா விழுந்தா சுமார் 1000 வாட், ஒழுங்கா செஞ்ச பெட்டி அதுல பாதியை பிடிச்சா 500 வாட். ஒரு கன மீட்டர் காத்தை 1 டிகிரி ஏத்த வெறும் 1200 ஜூல் கிட்ட போதும், அதனால அந்த 500 வாட்டை 20 டிகிரி ஏத்தத்துல ரூமுக்கு கொண்டு வரணும்னா மணிக்கு 75 கன மீட்டர் காத்து ஓடணும். பழைய கம்ப்யூட்டர்ல கழட்டின 12 செமீ ஃபேன் இந்த அளவுக்கு தள்ளும், ஆனா கேன்ல போட்ட ஓட்டை சின்னதா இருந்தா அதுவும் திணறிடும்.

இன்னொண்ணு, கேன்தான் வேணும்னு கட்டாயமே இல்ல. 1881லயே அமெரிக்காவுல எட்வர்ட் மோர்ஸ்ங்கறவர் கண்ணாடிக்குப் பின்னாடி ஸ்லேட் கல்லை வச்சு இதே மாதிரி ஒண்ணுக்கு பேட்டன்ட் வாங்கியிருக்கார். இன்னைக்கு செய்யறதா இருந்தா கறுப்பு அடிச்ச உலோக கொசுவலையை ரெண்டு மூணு அடுக்கா சாய்ச்சு கட்டி காத்தை அதுக்குள்ள ஊடுருவி போக விடறதைத்தான் சொல்லுவேன், வேலை பாதிகூட இல்ல, காத்துக்கும் தடை கம்மி.

தெர்மாகோல் மட்டும் உள்ள வைக்காதீங்க. ஃபேன் நின்னுட்டா பெட்டிக்குள்ள 100 டிகிரியைத் தாண்ட வாய்ப்பு இருக்கு, அது உருகிடும். பெயின்ட்டும் அடுப்புக்கு அடிக்கற ஹீட் தாங்கற வகையா பாருங்க, அடிச்சதும் உடனே ரூமோட இணைக்காம வாடை சுத்தமா போற வரைக்கும் வெயில்ல காய விடுங்க, அந்தப் புகையை வீட்ல இருக்கறவங்க சுவாசிக்கக் கூடாது. ராத்திரி பெட்டி ஆறினதும் காத்து தலைகீழா சுத்தி ரூம் சூட்டையே வெளிய இழுத்துடும், அதைத் தடுக்க ஓட்டை வாயில லேசான பிளாஸ்டிக் தாள்ல ஒரு மடிப்பு மூடி போதும்.

செஞ்சு முடிச்சதும் நல்ல வெயில்ல உள்ள போற காத்து, வெளிய வர காத்து ரெண்டையும் அளந்து பாருங்க. வித்தியாசம் 15லேர்ந்து 20 டிகிரிக்குள்ள இருந்தா சரி, 40 டிகிரின்னு காட்டினா சந்தோஷப்படாம பெரிய ஃபேனா மாத்துங்க.